ஹமிதியாவில் வந்தது யார்? ஃபக்கீர் சந்தும் உள்ளொலித் தியானமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1919ஆம் வருடம். இன்றைய ஈராக்கில் ஹமிதியா என்ற இடம். உள்ளூர்க் கிளர்ச்சிக்காரர்கள் சுற்றி வளைத்திருக்கிறார்கள். நடுவில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிறு பிரிவு ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் சண்டை, இரண்டு பக்கமும் சாவு. ராத்திரியானபோது தோட்டா தீரும் நிலைமை. இன்னொரு தரம் மேலே விழுந்தால் அவ்வளவுதான் என்று உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர்களோடு ரயில்வே, தந்தி வேலை பார்க்கும் பஞ்சாபிக்காரர் ஒருவரும் இருந்தார். முப்பது வயது தாண்டியவர். பெயர் ஃபக்கீர் சந்த்.

சாவு பயத்தில் உட்கார்ந்திருந்த அவர் முன்னால் அவருடைய குரு ஷிவ் பிரத் லால் தோன்றினார். குரு இருந்ததோ ஈராக்கிலிருந்து வெகு தூரத்தில், இந்தியாவில். கவலைப்படாதே, அவர்கள் தங்கள் பிணங்களை எடுத்துப் போகத்தான் வருகிறார்கள், எடுத்துக்கொண்டு போகட்டும், தோட்டாவை வீணாக்காதே என்று சொல்லிவிட்டு உருவம் மறைந்தது. ஃபக்கீர் சந்த் சுபேதார் மேஜரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவரும் கேட்டுக்கொண்டார். (தோட்டா இல்லாத ராத்திரியில் யார் என்ன யோசனை சொன்னாலும் கேட்கத்தான் தோன்றும்.) சொன்னபடியே வந்தவர்கள் பிணங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விடிந்ததும் விமானம் வந்து வேண்டிய சாமான்களைப் போட்டுவிட்டுப் போயிற்று.

கதை இதோடு முடிந்திருந்தால் குரு மகிமைக் கதைகளில் இன்னொன்று என்று விட்டுவிடலாம். மூன்று மாதம் கழித்து நடந்ததுதான் இதை ஆய்வுக்குரிய நிகழ்வாக்குகிறது. சண்டை ஓய்ந்து ஃபக்கீர் சந்த் பாக்தாத் போனார். அதே குருவைப் பின்பற்றும் சத்சங்கிகள் அங்கே பலர் இருந்தார்கள். இவரைக் கண்டதும் மேடை போட்டு உட்கார வைத்து, பூப்போட்டு வணங்கத் தொடங்கிவிட்டார்கள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. நம் குரு இந்தியாவில் இருக்கிறாரே, என்னை ஏன் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டார். போர்க்களத்தில் சாவு தலைக்கு மேல் நின்றபோது நீங்கள்தானே வந்து வழி சொன்னீர்கள், நீங்கள் சொன்னபடி செய்துதானே பிழைத்தோம் என்றார்கள்.

ஃபக்கீர் சந்த் திகைத்துப் போனார். அந்த நாட்களில் அவர் தன் உயிருக்கே பயந்துகொண்டு கிடந்தவர். இவர்களை நினைத்துப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருந்ததில்லை. பிறகு இவர்களிடம் போனது யார்? இவர்களிடம் போனது தான் இல்லை என்றால், ஹமிதியாவில் தன்னிடம் வந்தது மட்டும் குருதானா?

இரண்டாவது கேள்விதான் கடினமானது. தன்னைக் கும்பிடுகிறவர்கள் ஏமாந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க யாராலும் முடியும். அதே கத்தியைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

ஒலியைப் பிடித்துக்கொண்டு ஏறுவது

இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டது காட்சிகளுக்காக இல்லை. ஃபக்கீர் சந்த் சேர்ந்திருந்த ராதாசுவாமி மரபில் உருவம் பாதி வழிதான். மீதி வழி ஒலி. அந்த வழிக்கு அவர்கள் வைத்த பெயரே சுரத் சப்த யோகம்: 'சுரத்' என்பது கவனமாக இருக்கும் உயிர், 'சப்த்' என்பது அது பிடித்துக்கொள்ள வேண்டிய உள்ளொலி.

மரபு ஆக்ராவில் தொடங்கியது. ஷிவ் தயாள் சிங் (1818–1878) வீட்டில் ஒரு சிறு அறைக்குள் ஆண்டுக்கணக்கில் தனியாகத் தியானம் செய்தவர். 1861ஆம் ஆண்டு வசந்த பஞ்சமியன்று பொதுச் சத்சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர் ராய் சாலிக்ராம் அஞ்சல் துறையில் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் வரை உயர்ந்த அரசு அதிகாரி. இன்னொரு சீடர் ஜெய்மல் சிங் ராணுவச் சிப்பாய். ஓய்வு பெற்றபின் 1891ல் பஞ்சாபின் பியாஸ் நதிக்கரையில் குடியேறினார். இன்று லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் பியாஸ் டேரா அங்கிருந்து வளர்ந்தது. ஃபக்கீர் சந்தின் குரு ஷிவ் பிரத் லால், சாலிக்ராமின் சீடர். ஆக, இந்த மரபின் பெரியவர்கள் தபால் அதிகாரி, சிப்பாய், எழுத்தாளர், ரயில்வே ஊழியர். காவியும் கிடையாது, காடும் கிடையாது. வேலைக்குப் போய்க்கொண்டே விடியற்காலையில் உட்காரும் குடும்பஸ்தர்களின் யோகம் இது.

பயிற்சி மூன்று படி. முதலில் சிம்ரன், அதாவது தீட்சையில் கொடுத்த நாமத்தை மனசுக்குள் சொல்வது. கவனத்தைப் புருவ நடுவில் வைக்க வேண்டும். இரண்டாவது தியான், குருவின் முகத்தை நினைப்பது. மூன்றாவது பஜன். பஜன் என்றதும் நமக்கு ஆர்மோனியமும் ஜால்ராவும் ஞாபகம் வரும். இங்கே பஜன் என்றால் வாயை மூடிக்கொண்டு கேட்பது. குந்தி உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, இரண்டு கட்டைவிரலாலும் காதை அடைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒலியைக் கவனிக்க வேண்டும். வலது பக்க ஒலியைப் பிடி, இடது பக்கம் கேட்பதை விட்டுவிடு என்பது விதி.

என்ன கேட்கும் என்பதற்கும் அவர்களிடம் வரைபடம் உண்டு. உயிர் ஏறிப் போகும் மண்டலங்களில் முதலாவதில் மணியும் சங்கும். அடுத்த திரிகுடியில் மேக முழக்கமும் மிருதங்கமும். அதற்கு மேலே கிங்கிரி, சாரங்கி என்ற நரம்பு வாத்தியங்கள். பன்வர் குபாவில் புல்லாங்குழல். சத்லோகத்தில் வீணை. அதற்கும் மேலே போனால் பெயர் மட்டும்தான், வாத்தியம் கிடையாது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் பத்து நாதங்களைச் சொல்கிறார்: மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். பணிந்தவர்களுக்குத்தான் இது கிட்டும் என்றும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் ஹடயோகப் பிரதீபிகையை எழுதிய சுவாத்மாராமர், நான்காம் அத்தியாயத்தில் இதற்கு வரிசையே போட்டுத் தருகிறார்: தொடக்கத்தில் கடல், மேகம், பேரிகை, ஜர்ஜரம் என்ற பறை, நடுவில் மத்தளம், சங்கு, மணி, கொம்பு, கடைசியில் கிண்கிணி, குழல், வீணை, வண்டு. பெரிய ஒலியிலிருந்து நுண்ணிய ஒலிக்குப் போகச் சொல்கிறார். ஹம்ச உபநிடதமும் பத்து ஒலி சொல்கிறது, ஆனால் தலைகீழாக. அங்கே 'சிணி' என்ற நுண்ணிய ஒலியில் ஆரம்பித்து மேக முழக்கத்தில் முடிகிறது. முதல் ஒன்பதையும் விட்டுவிட்டுப் பத்தாவதைப் பழகு என்கிறது. ஒருவருக்கு இடி வாசற்படி, இன்னொருவருக்கு அதுதான் மூலஸ்தானம்.

வாத்தியங்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவும் வரிசை வேறு வேறாகவும் இருப்பதை நான் பல வருடம் கவனிக்கவே இல்லை. ஏதோ ஓர் ஒலியை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எது எந்தப் படி என்பதை மட்டும் ஒவ்வொரு மரபும் தானாக முடிவு செய்துகொண்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஃபக்கீர் சந்திடம் திரும்பலாம்.

சபதம்

ஃபக்கீர் சந்த் 1886 நவம்பரில் பஞ்சாபின் ஹோஷியார்பூர்ப் பக்கத்தில் ஓர் ஏழை பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே ரயில்வே வேலை. 1905ல் கடவுளைப் பார்த்தே தீர வேண்டும் என்று அழுது புரண்டு கிடந்தபோது ஒரு காட்சி வந்தது. அதில் ஒரு மனிதர் தோன்றி லாகூரில் உள்ள தன் விலாசத்தைச் சொன்னார். இவர் அந்த விலாசத்துக்கு வாரம் ஒரு கடிதமாக எழுதித் தள்ளினார். பத்து மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் ஷிவ் பிரத் லால். (விலாசம் எப்படிச் சரியாக இருந்தது என்று கேட்பீர்கள். ஷிவ் பிரத் லால் எழுதிக் குவித்தவர், அந்தப் பக்கத்தில் பெயர் தெரிந்த ஆள். எங்கோ அச்சுத்தாளில் கண்ணில் பட்டு மறந்துபோனதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.)

குரு கிடைத்துவிட்டார். ஆனால் அவர் படிக்கக் கொடுத்த ராதாசுவாமி நூலைத் திறந்ததும் இவருக்குக் கோபம் வந்தது. வேதாந்தம், மற்ற மதங்கள், பெரிய பெரிய ஞானிகள் என்று எல்லாரையும் கீழ்ப்படியில் உட்கார வைத்திருந்தது அந்த நூல். ராமனையும் கிருஷ்ணனையும் நினைத்து உருகிய பையனுக்கு அது பொறுக்கவில்லை. அப்போதுதான் அந்தச் சபதம்: இந்த வழியில் கடைசிவரை நேர்மையாகப் போவேன், என்ன கண்டேனோ அதை உள்ளபடி உலகத்துக்குச் சொல்லிவிட்டுப் போவேன்.

"கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்" என்று நம் ஊரில் ஒரு வார்த்தை உண்டு. கேட்க அழகாக இருக்கும். சாமர்த்தியமான வார்த்தையும்கூட, ஏனென்றால் இதற்குப் பிறகு யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. ராதாசுவாமி மரபிலும் உள் அனுபவத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு பேர் சேர்ந்தால் "உனக்குச் சங்கா? எனக்குக் குழலே வந்துவிட்டது" என்று பந்தயம் ஆரம்பித்துவிடும். ஆனால் அதே கட்டுப்பாட்டால் ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்டதோடு வைத்துப் பார்க்கும் வழியும் அடைபட்டுப் போகிறது.

1918ல் ஷிவ் பிரத் லால் ஒரு வினோதமான காரியம் செய்தார். ஃபக்கீர் சந்தை உட்கார வைத்து, கையில் தேங்காயும் ஐந்து காசும் கொடுத்து, நெற்றியில் திலகமிட்டு, குருவே சீடனைக் கும்பிட்டார். இனி நீ தீட்சை கொடு, சத்சங்கம் நடத்து, உன் சத்சங்கிகள்தான் உனக்கு உண்மையான குருவாக இருப்பார்கள், அவர்களால்தான் உனக்கு ரகசியம் புரியும் என்றார். அன்றைக்கு ஃபக்கீர் சந்துக்கு அது விளங்கவில்லை. பாக்தாதில் விளங்கியது.

முகம் உள்ளது மாட்டிக்கொள்ளும்

பாக்தாதுக்குப் பிறகு ஃபக்கீர் சந்த் அறுபது வருடம் வாழ்ந்தார். 1962ல் ஹோஷியார்பூரில் மானவதா மந்திர் என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். கூட்டம் வந்தது, சாட்சிகளும் வந்துகொண்டே இருந்தார்கள். பாபா ஃபக்கீர் என் கஷ்டத்தில் வந்து வழி சொன்னார், சாகும் படுக்கையில் வந்து எங்கள் அப்பாவை அழைத்துப் போனார் என்று. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: நான் வரவில்லை, எனக்கு எதுவும் தெரியாது, அது உங்கள் நம்பிக்கை, உங்கள் மனம். மேடையில் சொன்னார், அச்சிலும் போட்டார். மற்ற குருமார்களுக்கும் தெரியாதுதான், அவர்கள் வாயைத் திறப்பதில்லை என்று வேறு சேர்த்துச் சொன்னார். 1978ல் டேவிட் லேன், மார்க் யூர்கன்ஸ்மேயர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹோஷியார்பூருக்கே போய் அவரைச் சந்தித்தார்கள். சமய ஆய்வாளர்கள் வட்டத்தில் அவர் பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

அவர் செய்ததைச் சோதனை என்றே சொல்வேன். சீடர்கள் பார்த்த உருவத்துக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தின் சொந்தக்காரர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். "நீங்கள் வந்தீர்களா?" என்று அவரிடமே கேட்க முடிந்தது. "இல்லை" என்று அவரும் சொல்ல முடிந்தது. உள்ளனுபவம் என்ற உலகத்தில் இப்படி நேருக்கு நேர் சரிபார்க்கும் வாய்ப்பு ரொம்ப அபூர்வம். ஹமிதியாவில் குருவின் உருவம் வந்தபோது ஃபக்கீர் சந்துக்குத் துளிச் சந்தேகம் வரவில்லை. சொன்ன சொல் பலித்தது, உயிரும் பிழைத்தது. யாருக்குத்தான் சந்தேகம் வரும்? சந்தேகம் வெளியிலிருந்து, மற்றவர்கள் வாயால்தான் வந்தது. இன்னும் நூறு வருடம் தனியறையில் தியானம் செய்திருந்தாலும் அவருக்கு அது வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, உருவம் போயிற்று. ஒலி? அங்கேதான் எனக்கு அவரோடு கொஞ்சம் வழக்கு இருக்கிறது. உருவங்களையும் காட்சிகளையும் மனசின் வேலை என்று ஒதுக்கிய ஃபக்கீர் சந்த், ஒளியையும் ஒலியையும் அப்படி ஒதுக்கவில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போகச் சொன்னார். ஒலிக்கு முகம் இல்லை. "நேற்று ராத்திரி என் வலது காதில் ஒலித்தாயா?" என்று சங்கைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அதனால் உருவம் மாட்டிக்கொண்டதைப்போல ஒலி மாட்டிக்கொள்ளவில்லை. அதை மாட்ட வைக்க வேறு வெளிச்சாட்சி வேண்டும். எனக்கு அது கிடைத்தது என் கட்டைவிரலிலிருந்து.

கட்டைவிரல்

நான் இந்தத் தியானத்தை ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டேன். ராதாசுவாமி மரபுக்காரர் இல்லை. திருமந்திரமும் ஹடயோகமும் கலந்து சொல்லித் தருபவர். மொட்டை மாடியில் விடியற்காலை நாலரைக்கு வகுப்பு. காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த முதல் நாளே எனக்குக் கடல் கேட்டது. ஆழமான, விடாத 'ஊம்' என்ற இரைச்சல். மெரினாவில் நள்ளிரவில் மணலில் காது வைத்துப் படுத்தால் வருமே, அப்படி. ஆசிரியரிடம் சொன்னேன். "நல்ல அறிகுறி" என்றார். வீட்டுக்கு மிதந்துகொண்டே வந்தேன்.

பல வருடம் கழித்து வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானியின் உரை ஒன்றைப் பற்றிப் படித்தேன். 1810ல் அச்சானது. காதில் கட்டைவிரலை வைத்தால் ஓர் உருளும் ஓசை கேட்கிறது என்றும், அது தூரத்தில் கல் பாவிய தெருவில் வண்டிகள் ஓடுவதுபோல இருக்கிறது என்றும் அவர் எழுதியிருந்தார். விரலைப் பிடித்திருக்கும் கைத் தசைகளின் நடுக்கம்தான் அது. தசை இறுகி நிற்கும்போது அசையாமல் நிற்பதில்லை. நொடிக்குச் சுமார் 20 முதல் 30 தடவை துடித்துக்கொண்டே நிற்கிறது. மனிதக் காது கேட்கும் எல்லையின் அடிமட்டமும் கிட்டத்தட்ட அங்கேதான்.

படித்த அன்றைக்கே சோதித்துப் பார்த்தேன். நீங்களும் செய்யலாம், ஒரு நிமிஷம் போதும். கட்டைவிரலைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் வரும். இப்போது மற்ற விரல்களை மெதுவாக முஷ்டியாக இறுக்குங்கள். கடல் பொங்கும். இறுக்கத்தைத் தளர்த்தினால் அடங்கும். அப்புறம் விரலை எடுத்துவிட்டு, மருந்துக் கடையில் விற்கும் பஞ்சுபோன்ற காதடைப்பானை உருட்டிச் செருகிக்கொண்டு கையை மடியில் போடுங்கள். காது முன்னைவிட நன்றாகவே அடைபட்டிருக்கும். கடலைத்தான் காணோம். நாடித் துடிப்பு கேட்கும், எச்சில் விழுங்குவது இடிபோலக் கேட்கும். இன்னும் பொறுத்தால் எங்கோ ஒரு மெல்லிய 'ஙீ...' என்ற ரீங்காரம் தலைகாட்டும்.

என் முதல் நாள் கடல், என் முன்னங்கை.

அந்த ரீங்காரம் என்ன? 1953ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், செவித்திறன் சரியாக இருந்த 80 பேரை ஒவ்வொருவராக ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒன்று கேட்டிருக்கிறது: ரீங்காரம், மணியோசை, வண்டு, இரைச்சல். காதிரைச்சல் நோயாளிகள் சொல்வதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். அவர்கள் யாரும் யோகிகள் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1951ல், ஜான் கேஜ் என்ற இசைக்கலைஞர் ஹார்வர்டின் எதிரொலியற்ற அறைக்குள் போய் முழு மௌனத்தை எதிர்பார்த்தார். அவருக்குக் கேட்டது இரண்டு ஒலி, ஒன்று உச்சம், ஒன்று தாழ்வு. வெளிச்சத்தம் அடங்கினால் செவிநரம்புப் பாதையும் மூளையும் தங்கள் சத்தத்தையே கேட்டுக்கொள்கின்றன. நம் ஊரில் இதற்கு ஹார்வர்டுக்குப் போக வேண்டியதில்லை. கோடை ராத்திரியில் கரன்ட் போய், ஃபேனும் ஃப்ரிட்ஜும் தெருவிளக்கின் சோக்கும் ஒரே நேரத்தில் அடங்கும் அந்த அரை நிமிஷம் போதும்.

இதை வைத்து சுவாத்மாராமரின் வரிசையைத் திரும்பப் பார்த்தேன். முதலில் கடல், மேகம், பேரிகை: எல்லாம் தாழ்ந்த உருட்டல். அவருடைய முறையிலும் விரலால் காதை அடைக்க வேண்டும். கை புதுசு, பிடி இறுக்கம், தசை முரசு கொட்டுகிறது. போகப்போக உடம்பு தளர்ந்து பிடி லேசாகும்போது உருட்டல் பின்வாங்கும். அதுவரை மூழ்கியிருந்த நுண்ணிய ஓசைகள் மேலே வரும்: கிண்கிணி, குழல், வண்டு. ஆக, அந்த வரிசை உடம்பு எப்படித் தளர்கிறது என்பதன் நல்ல பதிவு. இது என் வாசிப்புத்தான், ஆனால் கட்டைவிரலோடு பொருந்திப் போகிறது. அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதை ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறார். எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவரிடம் காதடைப்பான் இல்லை.

பிறகு எதற்கு உட்கார்வது?

நண்பர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு விதமாகக் கோபப்படுவார்கள். பக்தி உள்ளவர்கள், நீ கேட்டது தசையாக இருக்கலாம், உண்மையான நாதம் வேறு என்பார்கள். இதற்கு மறுப்பே கிடையாது, ஏனென்றால் எந்த ஒலியைச் சோதித்தாலும் உண்மையானது அடுத்த மாடிக்குப் போய்விடும். மற்றவர்கள், பார்த்தாயா, எல்லாம் டுபாக்கூர் என்பார்கள். அதுவும் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் கடல் முன்னங்கைதான் என்று தெரிந்த பிறகும் தியானம் வேலை செய்தது. மூச்சைக் கவனிக்கும்போது பத்து நிமிஷத்தில் மளிகைக் கணக்குக்குப் போய்விடும் என் மனசு, அந்த மெல்லிய ஒலியில் அரை மணி நேரம் நிற்கிறது. தேன் குடிக்கும் வண்டு பூவின் வாசனையைத் தேடாது என்று பிரதீபிகை சொல்லும் உவமை ஒன்று உண்டு. அந்த வரிக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். மூச்சுக்கு ஏற்ற இறக்கம் உண்டு, இடைவெளியில் மனசு நழுவிவிடும். இந்த ரீங்காரத்துக்கு இடைவெளியே இல்லை. நுண்ணியது என்பதால் கேட்கவே முயற்சி வேண்டும். அந்த முயற்சியிலேயே மற்றது எல்லாம் கை நழுவிப் போகிறது.

திருவண்ணாமலையில் ரமணரிடம் நாதத் தியானம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுக்கவில்லை. தாலாட்டு குழந்தையைத் தூங்க வைப்பதுபோல நாதம் மனத்தை அமர்த்தும் என்றார். ஆனால் நாதமே குறியில்லை, கேட்பவனை விட்டுவிட்டால் வெறும் சூனியத்தில் போய் நிற்பாய் என்று எச்சரித்தார். தாலாட்டு எந்த ராகம், எத்தனையாவது மண்டலத்து ராகம் என்று குழந்தை கேட்பதில்லை.

ஃபக்கீர் சந்தும் கடைசியில் இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வந்து சேர்ந்தார். ஒலியைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னவர், முதுமையில் அந்த ஒலியைக் கேட்பது யார் என்று தேடத் தொடங்கினார். தேடியதில், தான் ஒரு பெரிய உணர்வுக் கடலில் தோன்றிய குமிழி, எப்போது வேண்டுமானாலும் உடையும் குமிழி என்பதற்கு மேல் தன்னால் சொல்ல முடியவில்லை என்றார். செத்தபின் எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது என்றும் சொன்னார். மோட்சம் வாங்கித் தருவார் என்று நம்பி வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து சொன்ன வார்த்தை இது. அவருடைய ஒலி பற்றிய முடிவோடு எனக்கு வழக்கு இருந்தாலும் இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை விட முடியவில்லை. 1981 செப்டம்பரில், அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது பிட்ஸ்பர்க்கில் இறந்தார்.

வலது காது

இன்னொரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நாதபிந்து உபநிடதமும் ராதாசுவாமி மரபும் வலது பக்க ஒலியைக் கேள் என்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேட்டால், ஒரே பக்கம் மட்டும் விடாமல் இரைச்சல் இருந்தால் உடனே வந்து காட்டு என்பார். செவிநரம்பில் வளரும் கட்டி ஒன்று உண்டு. பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத, மெதுவாக வளரும் கட்டி. ஒரு பக்கக் காதிரைச்சலும் அந்தக் காதில் செவித்திறன் குறைவதும் அதன் ஆரம்ப அறிகுறிகள். தலைசுற்றல் சேர்ந்திருந்தாலோ, நாடித் துடிப்போடு ஒத்து ஒலித்தாலோகூடப் பார்க்க வேண்டும். வலது காதில் புதிதாக மணி ஒலித்தால் முதல் மண்டலத்தை எட்டிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்துவிடும் ஆபத்து உண்மையானது. இன்னொன்று, ஏற்கெனவே காதிரைச்சலால் தூக்கம் கெட்டு அவதிப்படுகிறவர்களிடம் இதைத் தியானமாகச் செய் என்று சிபாரிசு செய்யாதீர்கள். சிலருக்குக் கவனிக்கக் கவனிக்க இரைச்சல் கூடும். அதே ஒலி ஒருவருக்கு நாதம், இன்னொருவருக்கு ராத்திரி முழுக்க உயிரை வாங்கும் சனியன்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அந்தப் பழைய ஆசிரியரைப் பார்த்தேன். எண்பதை நெருங்கிவிட்டார். காதில் மெஷின். நாதஸ்வரக் கோஷ்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததால் மெஷினைக் கழற்றி சட்டைப் பையில் போட்டிருந்தார். வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். மேளம் நிற்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

"இன்னும் உட்கார்றியா?" என்றார், மெஷினை மாட்டிக்கொண்டே.

"உட்கார்றேன் சார். விரல் வைக்கிறதில்ல, பஞ்சு வச்சுக்கறேன். கடல் போயிடுச்சு, ரீங்காரம் மட்டும் இருக்கு."

"எந்தக் காது?"

"ரெண்டும் சார்."

"அப்ப சரி" என்றார். "எனக்கு வலது பக்கம் மட்டும்தான் கேட்டுது. ரொம்ப நாள் சந்தோஷமா இருந்தேன்."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன்.